டர்போ மாட்டித் தர்றோம்னு 2,40,000 ரூபாய் வாங்கிட்டு எஞ்சினை உடைச்சுட்டாங்க

கோவையில ரீல்ஸ் போட்டே பேர் வாங்கின ஒரு மாடிஃபிகேஷன் ஒர்க்‌ஷாப். என் ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலுக்கு டர்போ, அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளி பவரைக் கூட்டுற கருவி, மாட்ட 2,40,000 ரூபாய் வாங்கினாங்க. இன்னிக்கு வேற மெக்கானிக் எஞ்சினைப் பிரிச்சுக் காட்டினார். மூணாவது பிஸ்டன்ல ரிங் உட்கார்ற விளிம்பு பெயர்ந்து கிடக்கு. அந்த சிலிண்டர் பிளக்கோட வெள்ளைப் பீங்கான் முழுக்க அலுமினியத் துகள். வயிறு எரியுது.

அந்தக் கடைக்காரர் தொழில் தெரியாதவர்னா கூட மனசு ஆறும். எல்லாம் தெரிஞ்சவர். "உங்க எஞ்சின் கம்ப்ரஷன் ரேஷியோ 12-க்கு 1ங்ணா. பிஸ்டன் மேலே வர்றப்ப உள்ளே இருக்கிற காத்தைப் பன்னிரண்டுல ஒரு பங்கு இடத்துக்குள்ள அமுக்குது. டர்போ இல்லாத வண்டிக்கு அதுதான் நல்லது, இழுவையும் மைலேஜும் கிடைக்கும். ஆனா டர்போ ஏற்கெனவே அமுக்கின காத்தைத்தான் உள்ளே தள்ளும். அதைப் போய் மறுபடி 12 மடங்கு அமுக்கினா சூடு எகிறி, நெருப்பு பரவுறதுக்கு முன்னாடியே மிச்சக் கலவை தானா வெடிச்சிரும். அதனால 9-க்கு இறக்கிருவோம்"னு சொன்னார். ஷெல்ஃப்ல இருந்து தலை குழிவான ஒரு ஃபோர்ஜ்டு பிஸ்டனை, அதாவது வார்க்காம அழுத்தி அடிச்சு செஞ்ச உறுதியான பிஸ்டனை, எடுத்து என் கையில கொடுத்தார். சிலிண்டருக்கு 10 சிசி இடம் இந்தக் குழியாலதான் கூடுதுன்னார். நல்ல கனம். கட்டைவிரலால அந்தக் குழியைத் தடவிப் பார்த்தேன். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன். பில்லுலயும் 'ஃபோர்ஜ்டு பிஸ்டன் செட்'னு தனியா ஒரு வரி இருக்கு.

உள்ளே இருந்தது நாலும் கம்பெனி பிஸ்டன்! எஞ்சினோட மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட்டும் கம்பெனிதுதான். ஹெட் போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, அவங்க எஞ்சினைப் பிரிக்கவே இல்லைன்னார் இந்த மெக்கானிக். 12-க்கு 1 எஞ்சின் மேலேயே டர்போவை மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மட்டும் மாத்தி (ரீமேப்) அனுப்பியிருக்காங்க. கம்பெனியே டர்போவோட விட்ட பலேனோ ஆர்எஸ்கூட 10-க்கு 1தான். அதுவும் சிலிண்டருக்குள்ளேயே நேரா பெட்ரோல் பீச்சி உள்சூட்டைக் குறைக்கிற எஞ்சின். என்னுதுல அந்த வசதியும் கிடையாது.

மேட்டுல மிதிச்சா தகர டப்பாவுல சோழி குலுக்குற சத்தம் வந்தப்பவே போன் பண்ணினேன். கலவை தானா வெடிக்கிற சத்தம்தான் அது. "புது டர்போங்ணா, செட் ஆகட்டும்"னாங்க. அப்புறம் "பெட்ரோல் கலப்படம், பங்க்கை மாத்துங்க." அப்புறம் "ஓனர் பெங்களூர் போயிருக்கார்." எஞ்சின் உதறி நின்னதுக்கப்புறம் "நீங்க ஓவரா மிதிச்சீங்க"ன்னு என் மேலேயே பழி. இன்னிக்கு பிஸ்டன் போட்டோ அனுப்பினேன். ரெண்டு நீல டிக். பதில் இல்லை. 2,40,000 ரூபாய், அதுக்கு மேல இப்ப எஞ்சின் வேலைச் செலவு வேற. கம்பெனி வாரண்டியும் போச்சு.

எப்படி ஏமாறாம இருக்கிறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியலை. இதை மட்டும் செய்யுங்க. டர்போ மாட்டினா எஞ்சின் பிரிக்கிறப்ப பக்கத்துல நில்லுங்க. கழட்டின பழைய பிஸ்டன் நாலையும் கையில வாங்காம பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீங்க. மாத்தினதுக்கப்புறம் ரேஷியோ எத்தனைன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. சோழிச் சத்தம் கேட்டா அந்த நிமிஷமே வண்டியை ஓரம் கட்டுங்க, அவங்க போன்ல என்ன சொன்னாலும் சரி. பில், போட்டோ, வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீங்க. நான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன். அதே கடையில வேலைக்கு விட்டவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க.