30 கிலோபிட்டுக்குள் வீடியோ: எந்தக் கோடெக் எதைக் காப்பாற்றுகிறது?

நொடிக்கு 24 கிலோபிட் மட்டுமே தாங்கும் ஓர் இணைப்பு. அதில் 176×144 பிக்சல் அளவில், நொடிக்கு 10 ஃபிரேம் வீதம் ஒருவரின் முகத்தை அனுப்ப வேண்டும். சுருக்காமல் விட்டால், வழக்கமான 4:2:0 வண்ண அமைப்பில் (நிறத்தை மட்டும் கால் பங்கு பிக்சல்களில் வைப்பது) ஒரு ஃபிரேமுக்கு 3,04,128 பிட் ஆகும். கையில் இருப்பதோ ஃபிரேமுக்கு 2,400 பிட், அதாவது 300 பைட். அதிலும் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் முகவரி, வரிசை எண் போன்றவற்றைச் சுமக்கும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகளுக்கு 40 பைட் போய்விடும். மிச்சம் 260 பைட். 16×16 பிளாக்குகளாகப் பிரித்தால் ஃபிரேமில் 99 பிளாக் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 21 பிட்.

கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் முறை. கீழே வரும் ஒவ்வொரு கோடெக்கையும் இந்த 21 பிட்டை வைத்துத்தான் எடைபோடுகிறேன். தாராளமான பிட் வீதத்தில், முடி, துணி, இலை போன்ற நுண்விவரங்களுக்கே பெரும்பகுதி செலவாகும். இங்கே அப்படியில்லை. ‘இந்த பிளாக் நகர்ந்ததா, எந்தப் பக்கம், எவ்வளவு’ என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே கையிருப்பு கரைந்துவிடும். அதனால், ‘இங்கே புதிதாக ஒன்றுமில்லை’ என்பதை ஒரு கோடெக் எவ்வளவு மலிவாகச் சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எச்.263, எச்.264

28.8 கிலோபிட் மோடம் காலத்துத் தேவைக்காகவே 1990களின் நடுவில் உருவானது எச்.263. அதில் மாறாத பிளாக்கைத் தாண்டிச் செல்ல ஒரு பிட் போதும். ஆனால் தாண்டுதல் என்றால் ‘முந்தைய ஃபிரேமில் அதே இடத்தில் இருந்ததை அப்படியே எடு’ என்றே பொருள். கையில் பிடித்த கேமரா இலேசாக நகர்ந்தால் இந்தச் சலுகை செல்லாது. எல்லா பிளாக்கும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 6 பிட் எழுதியாக வேண்டும். 99 பிளாக்குக்கு 594 பிட். முகத்தின் ஒரு கோடுகூட இன்னும் வரையவில்லை, அதற்குள் கால் பங்குக்கு மேல் காலி.

2003இல் வந்த எச்.264 இந்த இடத்தில்தான் பெரிய பாய்ச்சல் காட்டியது. அதன் தாண்டுதல், பக்கத்து பிளாக்குகளின் நகர்வைப் பார்த்துத் தானும் அதே அளவு நகர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். கேமரா அசைவு ஏறக்குறைய இலவசமாகிவிடுகிறது. கேபாக் என்னும் எண்கணிதக் குறியீட்டு முறையைச் சேர்த்தால், தாண்டுதலுக்கு ஒரு பிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். பிளாக் ஓரங்களை மென்மையாக்கும் வடிகட்டி, எச்.263இல் பின்னிணைப்பாக, விருப்பத் தேர்வாக இருந்தது. எச்.264இல் அது கோடெக்கின் நிலையான பகுதியாகவே வந்துவிட்டது. மென்மையாக்கிய படமே அடுத்த ஃபிரேமுக்கு ஆதாரம் ஆவதால், கட்டம் கட்டமாகத் தெரியும் அவலட்சணம் ஃபிரேமுக்கு ஃபிரேம் பெருகுவதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கோடெக்கின் வசதிகளில் எவையெவை உண்டு என்று வரையறுக்கும் தொகுப்புதான் புரொஃபைல். எச்.264இன் எளிய தொகுப்பான பேஸ்லைன் புரொஃபைலில் கேபாக் கிடையாது. பழைய கருவிகளுக்காக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எச்.264 சரியில்லை என்று முடிவு கட்டுவது நியாயமல்ல.

இடையில் ஒரு வேறுபட்ட பாதையும் இருந்தது. 1997இல் நெஃப், ஸகோர் இருவரும் வெளியிட்ட ‘மேட்சிங் பர்சூட்’ முறை, மிச்சப் படத்தை (நகர்வை வைத்து ஊகித்த படத்துக்கும் உண்மைப் படத்துக்கும் உள்ள வித்தியாசம்) கட்டங்களாக வெட்டாமல், ஓர் அகராதியிலிருந்து பொருத்தமான அலைவடிவங்களை எடுத்து வேண்டிய இடத்தில் வைத்தது. கட்ட ஓரங்கள் தோன்ற வழியே இல்லை. பொருத்தம் தேடும் வேலை என்கோடருக்கு (அனுப்பும் பக்கம் சுருக்கும் நிரல்) பெரும் சுமை என்றாலும், எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

ஹெச்இவிசி, ஏவி1, விவிசி

2013இன் ஹெச்இவிசி 64×64 வரையும், 2018இன் ஏவி1 128×128 வரையும் பெரிய பிளாக்குகளை அனுமதிக்கின்றன. அசையாத பின்னணியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் 176×144 படத்தில் இந்த அனுகூலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். 320×180, 640×360 என்று போகும்போதுதான் முழுப்பலன் தெரியும்.

குறைந்த பிட் வீத நேரலைக்கு நான் ஏவி1 பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. இணைப்பு திடீரென்று மெலிந்தால் படத்தின் அளவைக் குறைக்க வேண்டும். எச்.264இலும் வழக்கமான ஹெச்இவிசியிலும் அதற்குப் புதிய கீ ஃபிரேம், அதாவது முந்தைய ஃபிரேம்களைச் சாராத முழுப்படம், அனுப்பியாக வேண்டும். அது 3,000 பைட் என்று வைத்துக்கொண்டால், 24 கிலோபிட் இணைப்பில் அது மட்டுமே ஒரு முழு நொடியை விழுங்கும். இணைப்பு தள்ளாடும் அதே நேரத்தில் படம் உறைந்து நிற்கும். ஏவி1இல் பழைய அளவு ஃபிரேமையே சுருக்கியோ பெருக்கியோ ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதால், அளவு மாறும்போதும் ஓட்டம் அறுபடாது. திரைப் பகிர்வுக்கு உதவும் பேலட் முறையும் (சில நிறங்களின் பட்டியலை மட்டும் வைத்து வரைவது), படத்திலேயே முன்பு வந்த எழுத்துவடிவை நகலெடுக்கும் வசதியும் ஏவி1இன் முதன்மைப் புரொஃபைலிலேயே உண்டு. 2021இல் குரோம் 90 பிரவுசரில் நேரலை அழைப்புகளுக்கு ஏவி1 என்கோடரைச் சேர்த்தபோது, 30 கிலோபிட்டுக்குக் கீழும் வீடியோ தர முடியும் என்று கூகுள் சொன்னது.

இதற்கு விலை, சிபியூவின் உழைப்பு. வன்பொருள் என்கோடர் இல்லாத பழைய போனில் ஏவி1 ஓட்டினால் சூடும் பேட்டரியும் தொந்தரவு செய்யும். அங்கே எச்.264தான் நல்லது.

2020இன் விவிசி சுருக்கத்தில் இவற்றையெல்லாம் மிஞ்சுகிறது. அளவு மாற்றும் வசதியும் அதில் உண்டு. ஆனால் என்கோடரின் சுமை அதிகம். ஆறஅமரச் சுருக்கிச் சேமிக்கும் வீடியோவுக்கே இப்போதைக்கு அதைப் பரிந்துரைப்பேன்.

முகத்தை அனுப்பாமல் அசைவை அனுப்புவது

இந்த ஆசை புதிதல்ல. எம்பெக்-4 தரநிலையே முக அசைவுக்கு 68 அளவுருக்களை வரையறுத்தது. 2019இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன்’ மாதிரி, நியூரல் வலையைக் கொண்டு அதை நம்பும்படியாகச் செய்துகாட்டியது. ஒரு தெளிவான படத்தை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு ஃபிரேமுக்கு 10 முக்கியப் புள்ளிகள், புள்ளிக்கு 6 எண்கள் என்று 60 எண்களை மட்டும் அனுப்பலாம். எண்ணுக்கு 16 பிட் என்றாலும் 960 பிட்தான். அதையும் மேலும் சுருக்கலாம். 2020இல் என்விடியா, வீடியோ அழைப்புகளுக்கான தன் மேக்சின் தளத்தை அறிவித்தபோது, எச்.264க்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றது.

பிட் கணக்கில் இதற்கு எதிரே நிற்க எதுவும் இல்லை. இருந்தும் எனக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கிறது. முகத்துக்கு முன்னால் கை வந்தால், ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினால், முதல் படத்தில் இல்லாத பக்கம் தலை திரும்பினால், வலை ஊகித்து வரையும். அந்த ஊகமும் பளிச்சென்றே இருக்கும். ஏவி1 தோற்றால் படம் மங்கும். பார்ப்பவருக்கு ‘இது தெரியவில்லை’ என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது. கண்ணில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும்போது, அவர் பார்ப்பது அழைப்பின் தொடக்கத்தில் அனுப்பிய படத்தின் நிறமாக இருக்கலாம். மருத்துவம், விசாரணை, அடையாளம் சரிபார்த்தல் ஆகியவற்றில் இதைப் பயன்படுத்தவே கூடாது. நண்பர்கள் பேசிக்கொள்ளும் அழைப்புக்குப் பரவாயில்லை.

சைகைமொழிக்கும் இது ஆகாது. அங்கே விரல்கள்தான் பேச்சு. அதற்கு வழக்கமான கோடெக்கே வேண்டும், அதிலும் தெளிவைக் குறைத்து ஃபிரேம் வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். பாடக் காட்சித்தாள்களுக்கு நேர்மாறாக, நொடிக்கு ஒரு ஃபிரேம் போதும், எழுத்து கூர்மையாக இருக்கட்டும்.

ஒப்பீட்டு எண்களைப் படிக்கும்போது

புதிய கோடெக் இத்தனை சதவீதம் சேமிக்கும் என்று வரும் எண்களில் பல, எதிர்கால ஃபிரேம்களையும் பார்த்துச் சுருக்கும் அமைப்பில் எடுத்தவை. நேரலையில் எதிர்கால ஃபிரேம் கையில் இருக்காது. தாமதமற்ற அமைப்பில் எடுத்த எண்களைத் தேடிப் பாருங்கள். சேமிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கோடெக்கை மாற்றும் முன் ஒலியையும் பார்த்துவிடுங்கள். ஓபஸ் என்னும் ஒலிக் கோடெக் 6 கிலோபிட்டிலேயே பேச்சைக் கொண்டுபோகும். ஆனால் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50 பாக்கெட். 40 பைட் தலைப்புகள் மட்டுமே 16 கிலோபிட். பாக்கெட்டை 60 மில்லிநொடியாக நீட்டினால் அது சுமார் 5.3 கிலோபிட்டாக இறங்கும். மிச்சமாகும் 10.7 கிலோபிட்டை வீடியோவுக்குக் கொடுத்தால், மேலே சொன்ன 24 கிலோபிட் கிட்டத்தட்ட 35 ஆகும். 40 மில்லிநொடி கூடுதல் தாமதம் பேச்சில் பெரிதாகத் தெரியாது. ஒரு பாக்கெட் தொலைந்தால் அதிக ஒலி போகும் என்பது மட்டுமே எச்சரிக்கை.