பெயருக்கு இடம்விட்டுப் படமெடுத்தார்கள்

நான் படத்தொகுப்பாளர். என் மேசைக்கு டைட்டில் கார்டுகள் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வந்து சேரும். ஒலிக்கலவை முடிந்து, நிறத்திருத்தம் முடிந்து, எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் யாராவது ஒருவர் பெயர்ப் பட்டியலை அனுப்புவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பின்னால் படத்தில் இடம்கிடைக்காத நாலைந்து காட்சிகள் என்று ஓர் இரவில் முடித்துவிடுவோம். இந்த முறை இயக்குநர் அதற்குச் சம்மதிக்கவில்லை. தொடக்க டைட்டிலைத் தானே வடிவமைத்து, தானே படம்பிடித்தும் தருகிற ஒரு சிறிய ஸ்டுடியோவிடம் வேலையை ஒப்படைத்தோம். வடிவமைப்பாளர், ஒளிப்பதிவாளர், உதவியாளர் என்று மூன்றே பேர். பாராட்டோடு ஒரு பெரிய குறையையும் எழுதப்போகிறேன் என்பதால் அவர்கள் பெயரைத் தவிர்க்கிறேன்.

எங்கள் கதை பூட்டுப் பழுதுபார்க்கும் ஒருவரைப் பற்றியது. முதல் சந்திப்புக்கு முன்பே படத்தின் முதல் தொகுப்பைக் கேட்டு வாங்கி இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்ததும் வடிவமைப்பாளர் மாதிரிப் படம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "படம் முழுக்க இவர் அடுத்தவர் வீட்டுப் பூட்டைத்தான் திறக்கிறார். தன் வீட்டுக் கதவைத் திறப்பதை நீங்கள் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. தெரிந்தே செய்ததா சார்?" இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு மாதம் அந்தக் காட்சிகளோடு புழங்கிய எனக்கே அது உறைத்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மொத்த டைட்டிலும் பிறந்தது: கதவையே காட்டுவதில்லை, பூட்டின் உள்ளேயே இருந்துவிடுவது.

சாவி போட்டுத் திறக்கும் சாதாரணப் பூட்டுக்குள் குட்டையான பித்தளைப் பின்கள் இரண்டிரண்டாக அடுக்கி நிற்கும். மேலிருந்து ஸ்பிரிங் அவற்றை அழுத்தும். சாவியின் பற்கள் ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா ஜோடிகளின் பிரிவும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் உருளை திரும்பும். ஒரு பின் தூக்கப்படும் அசைவில் ஒரு பெயர் வரும், உருளை திரும்பும்போது படத்தின் பெயர் வரும் என்பது அவர்கள் திட்டம். கேட்கும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பொருட்களை மிக அருகில் படம்பிடித்து அதன்மேல் பெயர் போடுவது புதிதல்ல. 1962இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்துக்கு ஸ்டீஃபன் ஃபிராங்ஃபர்ட் ஒரு பழைய சுருட்டுப் பெட்டிக்குள் குழந்தை சேர்த்துவைத்த சாமான்களை அப்படித்தான் எடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள் என்பது தெரிகிறது. ஆனால் நான் இவர்களிடம் கற்றது வேறொன்று. படமெடுத்துவிட்டு எழுத்துக்கு இடம் தேடும் பழக்கம் இவர்களிடம் இல்லை. எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் படமெடுக்கிறார்கள்.

படப்பிடிப்புக்கு மூன்று வாரம் முன்பு ஓர் அனிமேட்டிக், அதாவது ஷாட்டுகளின் அசையும் முன்வரைவு, வந்தது. அதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சாம்பல் நிறக் கட்டங்கள் நகர்ந்தன. பெயர்கள் மட்டும் முழுமையாக, சரியான அளவில், சரியான இடத்தில் இருந்தன. எந்தப் பெயர் திரையின் எந்த மூலையில் எத்தனை ஃப்ரேம் நிற்கும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. படப்பிடிப்பு நாளில் மானிட்டர்மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அந்த ஷாட்டில் வரப்போகும் பெயரின் எல்லைகளை மார்க்கர் பேனாவால் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு தாள். வடிவமைப்பாளர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பித்தளை தங்கமாக மின்னுகிறது, ஒளிப்பதிவாளர் மனம் குளிர்ந்து நிற்கிறார். இவர் மட்டும், "அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே வெளிச்சம் இப்படி விழுந்தால் பெயர் மூழ்கிவிடும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஒரு கறுப்புக் காகிதத் துண்டை விரலகலம் நகர்த்திய பிறகுதான் ஷாட் ஓடியது.

அந்த இரண்டு நாள் படப்பிடிப்பைக் கூடவே இருந்து பார்த்தேன். பூட்டுகளை நீளவாக்கில் அறுத்துவைத்திருந்தார்கள். அறுத்த பக்கத்தைத் திறந்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பின்கள் தெறித்துவிடும். கண்ணாடித் துண்டை வைத்து மூடினால் அதில் கேமராவின் முகமே தெரியும். ஒரு கறுப்பு வெல்வெட் அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு, லென்ஸை அதன் வழியே நீட்டி, கண்ணாடியை நூலளவு சாய்த்து அந்தப் பிம்பத்தைக் கொன்றார்கள். பொருள் தன் அசல் அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழும் நெருக்கத்தில், லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக இருப்பது ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய பட்டைதான். பின்னின் முன்விளிம்பு தெளிந்தால் பின்விளிம்பு மங்கிவிடும். அந்த நெருக்கத்தில் சென்சாருக்கு வந்துசேரும் ஒளியும் கால்பங்காகக் குறைந்துவிடுகிறது. பித்தளைத் துகள் உதிரும் ஷாட்டை விநாடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்தார்கள். அதற்கு இன்னும் ஐந்து மடங்கு ஒளி வேண்டும். பூட்டு உள்ளங்கையில் அடங்கும், அதைச் சுற்றி நின்ற விளக்குகள் ஒரு நடனக் காட்சிக்குப் போதும்.

சாவியைக் கையால் தள்ளவில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் திருகுச் சட்டத்தில் அதைப் பொருத்தி, உதவியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். மூன்றாவது பின் எழும் ஷாட்டுக்கு மட்டும் இருபத்தெட்டு டேக். வெளியே ஏதோ கனரக வண்டி போன அதிர்வில் ஒன்று கெட்டது. ஒரு தூசி விழுந்து ஒன்று கெட்டது. அந்த நெருக்கத்தில் தூசி பாறாங்கல்லாகத் தெரியும். இருபத்தெட்டாவது டேக்கில் பின் ஏறி, ஒரு நொடி தயங்கி, கோட்டில் வந்து உட்கார்ந்தது. அந்தத் தயக்கம் இயந்திரத்தின் ஏதோ ஒரு பிசிறு. யாரும் யோசித்து வரைந்திருக்க முடியாதது. கணினியில் உருவாக்கியிருந்தால் பின் வழுக்கிக்கொண்டு போய் நின்றிருக்கும். உண்மையான பொருளை வைத்து எடுப்பதற்கு ஆகிற நேரத்தையும் சிரமத்தையும் நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு என் பதில் அந்த ஒரு நொடிதான்.

தொகுப்பாளனாக என்னை மிகவும் மகிழ்வித்தது தாளக் கணக்கு. இசையமைப்பாளர் நிமிடத்துக்கு 92 தாளம் என்ற வேகத்தில் டைட்டில் இசையை அமைத்திருந்தார். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அந்த வேகத்தின் ஒவ்வொரு தட்டும் பதினைந்தே முக்கால் ஃப்ரேமுக்குச் சற்றுக் குறைவாக வரும். எந்த வெட்டும் தட்டின்மேல் சரியாக உட்காராது. வேகத்தை 90 ஆக்க முடியுமா என்று வடிவமைப்பாளர் கேட்டார். 90 என்றால் ஒரு தட்டுக்கு மிகச் சரியாக 16 ஃப்ரேம். இசையமைப்பாளர் வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மொத்தம் 1 நிமிடம் 52 விநாடி, 168 தட்டு. ஒரு பெயருக்கு நாலு தட்டு, அதாவது 64 ஃப்ரேம். மனத்துக்குள் ஒரு பெயரை நிதானமாக இரண்டு முறை படிக்க அது போதும். என் மேசையில் அந்த டைட்டிலைக் கோத்தபோது ஒரு வெட்டைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

எழுத்துரு விஷயத்திலும் அக்கறை தெரிந்தது. இருண்ட பின்னணியில் ஒளிரும் தமிழ் எழுத்து வைத்தால் முதலில் பலியாவது புள்ளிதான். பெரிய திரையில் வெள்ளை கசிந்து, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய திரையில் காணாமலே போய்விடும். இவர்கள் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தார்கள். 'ஜோ', 'ணை' போன்ற எழுத்துகளில் கொம்பு முந்தைய எழுத்தோடு இடிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தார்கள். படத்தின் பெயரை முழுக்கக் கையாலேயே வரைந்தார்கள். சாவியின் பல் எத்தனை கோணத்தில் வெட்டப்பட்டிருந்ததோ அதே கோணம் எழுத்தின் முனைகளிலும் இருந்தது. கேட்காமலே எழுத்தில்லாத பிரதியையும் சேர்த்துத் தந்தார்கள். வேறு மொழியில் படம் போகும்போது அந்தப் பிரதி இல்லாமல் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி குறை.

ஒப்பந்தத்தில் படம் முடிந்ததும் பெயர்கள் கீழிருந்து மேலேறிப் போகும் இறுதி ரோலிங் டைட்டிலும் சேர்ந்திருந்தது. தொடக்க டைட்டிலுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதற்கு அவர்கள் கொடுக்கவில்லை. முதல் தவறு வேகத்தில். எழுத்துகள் ஃப்ரேமுக்கு இரண்டரை பிக்சல் வீதம் மேலேறும்படி செய்திருந்தார்கள். பிக்சலில் அரை கிடையாது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எழுத்தின் விளிம்பு மாறி மாறிக் குழைந்து, வரிகள் நடுங்கின. மானிட்டரில் தெரியாதது திரையில் பளிச்சென்று தெரிந்தது. ஃப்ரேமுக்கு முழுதாக மூன்று பிக்சல் ஆக்கினால் நடுக்கம் போய்விடும், ஆனால் மூன்று நிமிட ரோல் இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும், பாட்டு மிஞ்சும். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி, ரோலின் நீளத்தை ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக்கிச் சரிக்கட்டினோம். அந்த யோசனையை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று பிக்சல் கணக்கு தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறை என்னால் இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் யூனிகோடில் கொடுத்த பட்டியல் அவர்கள் தேர்ந்தெடுத்த பழைய எழுத்துருவில் திறக்கவில்லை. உடனே எங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், 214 பெயர்களையும் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். ஏழு பெயர்களில் பிழை. குழுவினருக்கான காட்சி முடிந்து வெளியே வரும்போது ஒளியமைப்புக் குழுவில் ஒருவர் என்னிடம் வந்து, "சார், கடைசியில் வந்தது என் பெயர்தானா? எழுத்து வேறு மாதிரி இருந்ததே" என்று மெதுவாகக் கேட்டார். டண்ணகரம் (ண) இருக்க வேண்டிய இடத்தில் றன்னகரம் (ன). மழைக் காட்சியில் இரண்டு இரவு நனைந்துகொண்டே விளக்கைப் பிடித்திருந்தவர் அவர். மகளையும் அழைத்து வந்திருந்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த ரோலை நானும்தான் பார்த்து அனுப்பினேன். எழுத்து நடுங்குகிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

வடிவமைப்பாளர் அன்றிரவே பிழைகளைத் திருத்தினார். அந்த ஒளியமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்பும் கேட்டார். அதை மதிக்கிறேன். ஆனாலும் தொடக்கத்தில் வரும் 22 பெயர்களின் புள்ளிக்கு அத்தனை பாடுபட்டவர்கள், கடைசியில் வரும் 214 பெயர்களை இன்னொரு கண் பார்க்காமல் அனுப்பியது எனக்கு ஆறவில்லை.

தேதியிலும் ஒன்பது நாள் தவறினார்கள். படப்பிடிப்பைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்கும் படமாக இருந்தால் இவர்களிடம் போகாதீர்கள்.

மற்றபடி தயங்காமல் போகலாம். படம் முழு வடிவம் பெறும் முன்பே, முதல் தொகுப்பு முடிந்ததும் போய்விடுங்கள். பதினோரு வாரம் எங்களுக்கு ஆனது. இசையமைப்பாளரையும் அந்த முதல் சந்திப்புக்கே கூட்டிச்செல்லுங்கள். தொடக்க டைட்டிலை மட்டும் கொடுங்கள். ரோலிங் டைட்டிலை உங்கள் தொகுப்பு அறையிலேயே, எந்தப் பெயரையும் மறுபடி தட்டச்சு செய்யாமல், நகலெடுத்து ஒட்டியே உருவாக்குங்கள். முடிந்ததும் பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள்.

1955இல் ஸால் பாஸ் வடிவமைத்த டைட்டிலோடு ஒரு படம் அரங்குகளுக்குப் போனபோது, பெயர்கள் தொடங்கும் முன்பே திரைச்சீலையை விலக்கிவிடும்படி ஆப்பரேட்டருக்கு ஒரு குறிப்பும் ஃபிலிம் டப்பாக்களோடு போனது. அதுவரை பெயர்கள் மூடிய சீலைமேலேயே ஓடிக்கொண்டிருந்தனவாம். எங்கள் படத்தின் முதல் காட்சியன்று அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் முதல் பின் எழுந்ததும் வழியிலேயே நின்றுவிட்டார்கள். மூன்றாவது பின் அந்த ஒரு நொடி தயங்கியபோது முன்வரிசையில் யாரோ "ம்" என்றார்கள்.

அடுத்த படத்துக்கும் அவர்களிடமே பேசியிருக்கிறோம். பெயர்ப் பட்டியலை இந்த முறை துறைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் படித்துக் கையெழுத்திட்ட பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். எந்த எழுத்துருவைப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதாக அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.