திம்பம் மலைக்கு மேலே எந்த ரத்தம்: பையா, திரவமா, பொடியா?

ஈரோடு மாவட்டத்துப் பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம். அதையும் தாண்டினால் தாளவாடி. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு அங்கேயே கையில் என்ன இருந்தால் நல்லது?

தானமாகக் கிடைத்த சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதிகபட்சம் 42 நாள். குளிர் தவறினால் பை வீண். கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்தால் 10 ஆண்டு தாங்கும். ஆனால் ஏற்றுமுன் உருக்கிக் கழுவ வேண்டும். மலைக்கு அது தோதுப்படாது.

அடுத்தது ஹீமோப்யூர், ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றுவது. ஆக்சிஜன் சுமக்கும் மாட்டு ஹீமோகுளோபின் மூலக்கூறுகளைப் பிணைத்துச் செய்த திரவம். தென்னாப்பிரிக்கா 2001இல் அனுமதித்தது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், 3 ஆண்டு கெடாது, ரத்த வகையும் பார்க்க வேண்டாம். வினை என்னவென்றால், அணுவின் உறையில்லாத ஹீமோகுளோபின், ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ரத்தக் குழாய் சுருங்கி, பிரஷர் ஏறும்.

அதனால்தான் ஆய்வில் இருக்கும் எரித்ரோமெர் என்ற செயற்கை ரத்தப் பொடி ஹீமோகுளோபினை நுண்ணிய செயற்கை உறைக்குள் வைக்கிறது. அப்புறம் உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கினால் பொடி. ஈரோட்டு மஞ்சள் மாதிரி வேகவைத்துக் காயப்போட்டால் புரதம் கெட்டுவிடும். நிஜச் சிவப்பணுவை இப்படி உலர்த்தினால் சவ்வு கிழிகிறது; டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் காவலுக்கு வைத்தாலும், தண்ணீர் பட்டதும் பல அணுக்கள் உடைகின்றன. இந்த விஷயத்தில் போலிக்குத்தான் வெற்றி. ஆனால் உலரும்போது ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறினால் ஆக்சிஜன் சுமக்காது. அதற்கும் காப்பு வேண்டும்.

திரவமே 3 ஆண்டு தாங்கும்போது பொடி எதற்கு என்று கேட்கலாம். பொடியின் பலம் ஆயுளில் மட்டும் இல்லை, எடையிலும் ஹீமோகுளோபினை மூடும் உறையிலும் இருக்கிறது. கலக்க வேண்டிய திரவம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்.

ஆனாலும் உடம்பில் நிற்பது கொஞ்ச நேரம்தான். சிவப்பணு 120 நாள் வாழும். ஹீமோப்யூர் ஒரு நாளுக்குள் பாதி போய்விடும். பொடியும் கீழே சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கான கைமாற்றுதான். ரத்தம் உறையவும் இவை உதவாது. அதற்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வேண்டும். உலர்த்திய பிளாஸ்மாப் பொடி பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு ஒன்றைத்தான் மேலே ஏற்றலாம் என்றால் நான் சிவப்பணுப் பையையும், நல்ல ஃப்ரிட்ஜையும், அதற்கொரு ஜெனரேட்டரையும்தான் ஏற்றுவேன். கூட இடமிருந்தால் பிளாஸ்மாப் பொடி. எரித்ரோமெர் மனிதர்களிடம் தேறட்டும், பார்க்கலாம்.