மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டவர் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? நாடுகள் வகுத்திருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. சென்னையில் ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு அறையில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் லாக்கில், அதாவது நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் கோப்பில், விசித்திரமான வரி ஒன்று கண்ணில் பட்டது. டாலர் குறி, நெளிவு அடைப்பு, அதற்குள் ஜேஎன்டிஐ, எல்டாப் என்று தொடங்கி எங்கோ இருக்கும் ஓர் ஐபி முகவரி. பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் யாரோ அதைத் தட்டியிருந்தார்கள். அந்த வரியை லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரி (பல மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) பதிவு செய்ய முயன்றாலே போதும். சர்வர் தானாகவே அந்த முகவரிக்குப் போய், அங்கே வைத்திருக்கும் நிரலை இறக்கி ஓட்டிவிடும். பாஸ்வேர்டு எதுவும் வேண்டியதில்லை. தீவிரத்துக்கு பத்துக்குப் பத்து வாங்கிய ஓட்டை அது. லாக்4ஷெல் என்று பெயர் வைத்தார்கள்.

அன்றிரவு எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி, இந்த லைப்ரரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதுதான். ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜார், அதற்குள் இன்னொன்று. பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட முடியாத இடங்களில் ஜேஎன்டிஐலுக்கப் என்ற ஒரே ஒரு கிளாஸ் கோப்பை மட்டும் ஜாருக்குள்ளிருந்து நீக்கிவிட்டு சர்வரை மறுபடி ஏற்றினோம். அதற்கு மறுநாளிலிருந்து எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது நெதர்லாந்து அரசின் சைபர் பாதுகாப்பு மையம் மென்பொருளாளர்கள் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பில் திறந்து வைத்த பட்டியல். எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருள் பாதிக்கப்பட்டது, எந்தப் பதிப்பில் சரியானது என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரி வரியாகச் சேர்த்தார்கள். பட்டியலுக்குப் பொறுப்பு ஓர் அரசு அலுவலகம், அதை நிரப்பியவர்கள் தொழில்துறையினர், பயன்படுத்தியவர்களில் சென்னையில் இருந்த நாங்களும் அடக்கம். அரசும் தொழில்துறையும் எல்லை தாண்டி ஒத்துழைப்பதைப் பற்றி எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்கள் வந்திருக்கின்றன. எனக்கு அது என்னவென்று புரிந்தது அந்தப் பட்டியலில்தான்.

இப்போது அந்த ஓட்டையின் முன்கதைக்குப் போவோம். அதைக் கண்டுபிடித்தவர் அலிபாபா க்ளவுட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர். 2021 நவம்பர் 24 அன்று, லாக்4ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்கு அவர் மடல் எழுதினார். உலக வழக்கப்படி அதுதான் முறை: யாருடைய பொருளில் ஓட்டையோ அவரிடம் முதலில் சொல், அவர் அடைக்கும்வரை வாயைத் திறக்காதே. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சீனாவில் வேறொரு விதி அமலுக்கு வந்திருந்தது. மென்பொருளோ வன்பொருளோ தயாரிப்பவர் தன் பொருளில் ஓட்டை இருப்பதாக அறிந்தால் 2 நாளுக்குள் தொழில் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். டிசம்பரில் அந்த அமைச்சகம், தன்னிடம் உடனே சொல்லவில்லை என்று அலிபாபா க்ளவுடைத் தன் தகவல் பகிர்வுக் கூட்டாண்மையிலிருந்து 6 மாதத்துக்கு நிறுத்தி வைத்தது.

உலகத்துக்கே நல்லது செய்த ஒரு செயலுக்கு இப்படி ஒரு பலன். முதலில் யாரிடம் சொல்வது என்பது வெறும் நடைமுறைச் சங்கதி அல்ல என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

தயாரிப்பாளருக்கே முதலில்

இதுதான் பழைய வழி. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமல் தொழில்துறை தானாக வளர்த்துக்கொண்டது. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் கெடு கொடுக்கும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஒருங்கிணைப்பு மையம் 45 நாள் என்று வைத்திருக்கிறது. கெடுவுக்குள் அடைக்காவிட்டால் விவரம் வெளியே வரும். அந்தப் பயம்தான் தயாரிப்பாளரை நகர்த்துகிறது.

இதன் பலம் எளிமையானது. அடைக்கக்கூடியவர் கையில் முதலில் போகிறது, மற்றவர் யாருக்கும் போவதில்லை. கைகள் குறைய குறைய கசிவும் குறையும்.

பலவீனமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைகள் 2017 ஜூனில் இன்டெலுக்குத் தெரிந்துவிட்டன. 2018 ஜனவரி 3 அன்று உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட அரை ஆண்டில் பல பெரிய நிறுவனங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. அமெரிக்க அரசின் கணினி அவசரகாலக் குழுவுக்கோ விவரம் பகிரங்கமாகும்வரை இன்டெல் தெரிவிக்கவில்லை. யார் உள்வட்டம், யார் வெளிவட்டம் என்பதை ஒரு கம்பெனி தன் வியாபாரத் தொடர்புகளை வைத்து முடிவு செய்தது. மருத்துவமனையும் மின்வாரியமும் அந்த வட்டத்தில் வருவதேயில்லை. அந்த இடைவெளியை நிரப்ப அரசு வேண்டும். தொழில்துறையை மட்டும் நம்பினால் போதும் என்பவர்களோடு நான் பிரியும் இடம் இதுதான்.

உள்வட்டமே கசியவும் செய்யும். மைக்ரோசாஃப்ட் 2008 முதல் மேப் என்ற திட்டத்தில் ஆன்டிவைரஸ் போன்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் பேட்ச் வருவதற்கு முன்பே விவரம் கொடுக்கிறது. 2012இல் ஹாங்ஸோ டிபிடெக் என்ற நிறுவனம் ரகசியத்தைக் காக்கவில்லை என்று பெயர் சொல்லியே வெளியேற்றியது.

அரசுக்கு 48 மணி நேரத்தில்: சீன வழி

சீன விதிக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தயாரிப்பாளர் ஓட்டையைத் தெரிந்தும் கிடப்பில் போட முடியாது. அடைக்க வேண்டும், பயன்படுத்துவோருக்குச் சொல்ல வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பேட்ச் வருவதற்கு முன் விவரத்தைப் பரப்புவதையும் கட்டுப்படுத்துகிறது. இவை நல்ல விதிகள்.

கோளாறு வேறு இடத்தில். ஒன்று, 48 மணி நேரத்தில் பேட்ச் தயாராகாது. லாக்4ஜேக்குப் பதினைந்து நாளுக்கு மேல் ஆனது. முதல் திருத்தமான 2.15க்குப் பிறகும் அதே டிசம்பரில் 2.16, 2.17, 2.17.1 என்று அடுத்தடுத்து மூன்று பதிப்புகள் வந்தன. ஆக, அரசின் மேசைக்குப் போவது அடைக்கப்படாத, உயிருள்ள ஓட்டை. இரண்டு, தொழில் அமைச்சகத்துக்கு வரும் விவரம் அங்கேயே நிற்பதில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழுள்ள அறிவிப்பு மையத்துக்கும் உடனுக்குடன் போகும் என்று விதியே சொல்கிறது. மூன்று, வெளியிடப்படாத ஓட்டை விவரத்தை அதன் தயாரிப்பாளர் தவிர வேறு எந்த வெளிநாட்டு அமைப்புக்கும் நபருக்கும் கொடுக்கக் கூடாது. நெதர்லாந்து போன்ற வெளிநாட்டு மையத்தின் காதில் முன்கூட்டியே போடுவதற்கு இங்கே வழியே இல்லை.

சீன அரசோடு தொடர்புடைய தாக்குதல் குழுக்கள் ஜீரோ-டே ஓட்டைகளை, அதாவது இன்னும் பேட்ச் இல்லாத ஓட்டைகளை, அதிகம் பயன்படுத்தத் தொடங்கியதற்கு இந்த விதி காரணமாக இருக்கலாம் என்று 2022 நவம்பர் அறிக்கையில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. நிரூபணமான உண்மை என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சந்தேகத்தின் விலையை நாம் கண்கூடாகப் பார்த்துவிட்டோம். 2025 கோடையில் மைக்ரோசாஃப்டின் ஆவணப் பகிர்வு மென்பொருளான ஷேர்பாயின்ட் ஓடும் சர்வர்கள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு, ஓட்டைகளைத் தம் அரசிடம் சொல்லியே ஆகவேண்டிய நாடுகளின் நிறுவனங்களுக்கு மேப் திட்டத்தில் கொடுக்கும் விவரத்தை மைக்ரோசாஃப்ட் குறைத்துக்கொண்டது. சீனாவும் அதில் அடக்கம். கட்டாயப்படுத்தி வாங்குகிற இடத்துக்கு யாரும் மனமுவந்து கொடுப்பதில்லை. இழப்பு சீனப் பயனருக்கும்தான்.

அரசே கண்டுபிடித்து வைத்துக்கொள்வது: அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே தேசியப் பாதுகாப்பு முகமை, அதாவது என்எஸ்ஏ, விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டு, எடர்னல்புளூ என்ற கருவி செய்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. கருவி திருடுபோனது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று பேட்ச் வெளியிட்டது; ஏப்ரலில் ஷேடோ ப்ரோக்கர்ஸ் என்ற குழு கருவியை இணையத்தில் கொட்டியது; மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் கிளம்பியது. சுமார் 150 நாடுகள். பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஒரே நாட்டின் ஒரே துறை எடுத்த ஒரு முடிவுக்கு, அந்த நாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நோயாளிகள் விலை கொடுத்தார்கள்.

அதன் பிறகு, எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்று பல துறைகள் உட்கார்ந்து முடிவெடுக்கும் நடைமுறையின் விதிகளை 2017 நவம்பரில் அமெரிக்கா பகிரங்கப்படுத்தியது. 2020 ஜனவரியில், விண்டோஸின் சான்றிதழ் சரிபார்ப்பில் இருந்த ஓர் ஓட்டையை அதே என்எஸ்ஏ தன் பெயரோடு மைக்ரோசாஃப்டிடம் ஒப்படைத்தது. நல்ல மாற்றம்தான். என்றாலும் எவற்றையெல்லாம் ஒப்படைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது. சீன விதியைக் குறை சொல்லும் அமெரிக்கக் குரல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வானாக்ரைதான் நினைவுக்கு வருகிறது.

தாக்குதல் நடந்தால் மட்டும் 24 மணி நேரம்: ஐரோப்பா

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது; தகவல் தெரிவிக்கும் கடமை தொடங்கும் நாள் 2026 செப்டம்பர் 11. வெளியாள் யாரோ உண்மையிலேயே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டை என்றால், தயாரிப்பாளர் 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் விவரம், சரிசெய்த பிறகு 14 நாளுக்குள் முழு அறிக்கை கொடுக்க வேண்டும்.

சீன விதியோடு ஒப்பிட்டால் அடிப்படை வேறுபாடு கடிகாரத்தில் இல்லை. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒரு பொறியாளர் ஆய்வில் கண்டெடுத்து இன்னும் யாருக்கும் தெரியாத ஓட்டைக்கு இந்தக் கடமை இல்லை. திருடன் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டான் என்றால் மட்டுமே உண்டு. லாக்4ஜே விஷயத்தில் நவம்பர் 24 அன்று இந்தக் கடமை எழாது. ஓட்டை பகிரங்கமாவதற்கு முன்பே, டிசம்பர் 1 அன்றே, தாக்குதலின் தடயம் இருந்ததாக இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர் பின்னால் கண்டது. லாக்4ஜேயைப் பராமரித்தது சாதாரண வணிக நிறுவனமாக இருந்து, அந்தத் தடயம் அன்றே அதற்குத் தெரிந்திருந்தால், கடிகாரம் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2023 அக்டோபரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் திறந்த மடல் எழுதினார்கள். பேட்ச் ஆகாத ஓட்டைகளின் பட்டியல் பல அரசு அலுவலகங்களில் குவிந்தால் அதுவே தாக்குபவர்களுக்குப் பொக்கிஷம் ஆகிவிடும். அரசுகள் அதை உளவுக்கும் தாக்குதலுக்கும் எடுக்கக் கூடாது என்று தடை வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கையை நான் முழுதாக ஏற்கிறேன். இறுதிச் சட்டத்தில், தகவலை முதலில் பெறும் நாட்டின் மையம், ஆபத்து என்று கருதினால் பிற நாடுகளுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட வழி வைத்தார்கள். பாதி வெற்றி.

இந்தியாவின் 6 மணி நேரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இது வேறு வகை. இந்திய அரசின் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவு, ஓட்டையைப் பற்றியது அல்ல, நடந்துவிட்ட சம்பவத்தைப் பற்றியது. தெரிந்ததும் 6 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 72 மணி நேரம் போதும் என்று பன்னாட்டுத் தொழில் அமைப்புகள் கேட்டன. லாக் வைத்திருக்கும் விதியை நான் வரவேற்கிறேன். லாக் இல்லாத சர்வரில் விசாரணை என்று ஒன்று கிடையாது. ஆறு மணி நேரம் என்பது வேறு கதை. அந்த நேரத்தில் ஒரு குழுவுக்குத் தெரிவது, ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும்தான். அதே ஆட்கள்தான் நெருப்பையும் அணைக்க வேண்டும், படிவத்தையும் நிரப்ப வேண்டும்.

இங்கே இன்னும் பெரிய குறை, ஓட்டையைக் கண்டு நல்லெண்ணத்தோடு சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாதது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் அனுமதியின்றி நுழைந்தால் இழப்பீடு; அதையே நேர்மையற்றோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவில் குற்றம். ஆய்வாளருக்கென்று தெளிவான விலக்கு எதுவும் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவர் அரசு இணையதளத்தில் ஓட்டையைக் கண்டால், சொல்லலாமா வேண்டாமா என்று முதலில் அண்ணன்மார்களிடம் கேட்கிறார். என்னிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். தைரியமாகச் சொல்லு தம்பி என்று உறுதி கொடுக்க எனக்கு நா எழுவதில்லை.

என் தேர்வு

ஐரோப்பிய வழி. ஆனால் இரண்டு திருத்தங்களோடு. தகவலைப் பெறும் அலுவலகத்துக்கும் உளவு, தாக்குதல் துறைகளுக்கும் இடையே சட்டப்படி சுவர் வேண்டும். அதை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். பேட்ச் இல்லாத நிலையில் 24 மணி நேரத்தில் கேட்கும் விவரம் பொருளின் பெயர், தற்காலிகத் தற்காப்பு என்ன என்பதோடு நின்றுவிட வேண்டும். உடைக்கும் வழியைக் கேட்கக் கூடாது. எங்களுக்கு அந்த டிசம்பர் இரவில் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

இந்த எல்லா வழிகளிலும் ஓரமாக நிற்பவர் ஒருவர் இருக்கிறார். நவம்பர் 24 மடல் போய்ச் சேர்ந்தது, லாக்4ஜேயைச் சம்பளம் வாங்காமல், தத்தம் வேலை முடிந்த நேரத்தில் பராமரித்து வந்த தன்னார்வலர்கள் கையில். எத்தனை மணி நேரத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அரசுகள் கடிகாரம் வைக்கின்றன. மடலைத் திறந்து படித்து, இரவில் உட்கார்ந்து ஓட்டையை அடைக்கிறவருக்கு ஒரு சோதனையாளரையோ ஒரு மாதச் சம்பளத்தையோ கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று இந்த அறிவிக்கும் விதிகளில் எதிலும் நான் பார்க்கவில்லை.