நாவப்பழமா மாதுளையா?

ஜூன் மாசம் வந்தா போதும், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கூடைல நாவப்பழம் வெச்சுட்டு உட்காந்துடுவாங்க, பக்கத்துலயே மாதுளை வண்டி நிக்கும், "சுகருக்கு எதுடா நல்லது"ன்னு எங்க அத்தை வருஷா வருஷம் கேப்பாங்க.

ரெண்டுலயும் விஷயம் பாலிஃபீனால் தான், அதாவது செடிங்க தானே உண்டாக்கற ஒரு வகை வேதிப்பொருள். அதுல பெரும்பகுதி சிறுகுடல்ல உறிஞ்சப்படாம பெருங்குடலுக்குப் போய்டும், அங்க இருக்கற பாக்டீரியா தான் அத உடைச்சு வேற பொருளா மாத்துது. மாதுளைல இருக்கற எல்லாஜிடானின்ங்கற பாலிஃபீனால் இப்படி தான் யூரோலித்தின்ங்கற பொருளா ஆகுது. ஆனா இங்க தான் கூத்து, அதுக்கான பாக்டீரியா எல்லார் குடல்லயும் இருக்காது, அதனால ஒரே பழத்த அத்தையும் நானும் பாதி பாதி சாப்ட்டாலும் அவங்களுக்கு அதுல ஒரு வகையான யூரோலித்தின் ஏ கிடைக்கலாம், எனக்கு சுத்தமா கிடைக்காமலும் போகலாம்.

நாவப்பழத்துல நாக்க ஊதாவாக்கறது ஆந்தோசயனின்ங்கற நிறமி, அதுவும் பாலிஃபீனால் தான். அந்த துவர்ப்பு டானின்ங்கற இன்னொரு பாலிஃபீனாலால வர்றது, எச்சில்ல இருக்கற புரதத்தோட போய் ஒட்டிக்கும், அதான் வாய் இழுக்குது. கொட்டைப் பொடி நம்ம ஊர்ல சுகருக்கு ரொம்ப நாளா சாப்பிடறது தான், அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க, சேத்து சாப்ட்டா சுகர் ரொம்ப எறங்கவும் சான்ஸ் இருக்கு, டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

ஜூஸா? வடிகட்டுனா நார் போச்சு, கடைல சர்க்கரை வேற. மாதுளை முத்த உதிர்த்து விதையோட மெல்லுங்க.

என் ஓட்டு சீசன்ல நாவப்பழம், உப்பு தூவி, வெள்ளை சட்டை போடாத நாள்ல. மத்த மாசம் மாதுளை. அத்தை ரெண்டையும் பேரம் பேசிட்டு கடைசில கொய்யா வாங்கிட்டு வர்றாங்க.