ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: ஒரு வார்டு நர்ஸ் போடும் மார்க்

பொருள்: பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்ட ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடர், உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா. எந்த கம்பெனி தயாரிப்பு என்பது முக்கியமில்லை. ஃபார்முலா ஊரறிந்தது, யார் செய்தாலும் ஒன்றுதான். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் சுவை. எல்லோரும் குறை சொல்வது அதைத்தானே. லேசாகக் கரிக்கும், பின்னாலேயே ஒரு மந்தமான இனிப்பு வரும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் தண்ணீர் குறைவு என்று அர்த்தம். ஆனால் நீர் வற்றிப்போன குழந்தை இதை முகம் சுளிக்காமல் குடிக்கும், டம்ளரை விடவே விடாது. கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகவே மறைகிற குழந்தைகள் அப்படித்தான் குடிப்பார்கள். உடம்பு தேறத் தேறத்தான் நாக்குக்கு ருசி தெரியும், துப்ப ஆரம்பிப்பார்கள். துப்பினால் எங்களுக்குச் சந்தோஷம். பயந்துபோன அம்மாவிடம், "நல்லதும்மா, தேறிட்டான்" என்போம்.

உள்ளே இருப்பது மொத்தம் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, சாப்பாட்டு உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இந்த அளவுதான் விஷயமே. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா வந்த குடலில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. சர்க்கரையைக் கூட்டினால் கதை தலைகீழாகி, உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி அதிகமாகும். கலர் கலராக வரும் இனிப்பு பானங்களைப் பேதிக்குக் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது அதனால்தான். 2002-இல் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்து ஃபார்முலாவை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வாந்தியும் குறைந்தது, ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது.

குறைகளும் உண்டு. செய்முறையை எறும்பு எழுத்தில் அச்சடிக்கிறார்கள். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் எந்தப் பாட்டியால் அதைப் படிக்க முடியும்? ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதைப் பலமுறை தடுத்திருக்கிறேன், அது ஆபத்து. முழுப் பாக்கெட், முழு லிட்டர், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அப்புறம், இது பேதியை உடனே நிறுத்தாது. "குளுக்கோஸ் ஏத்திடுங்க சிஸ்டர்" என்று அம்மாக்கள் கேட்பது இதனால்தான். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவதை யாரும் வைத்தியமாக மதிப்பதில்லை.

ஆனால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு என்னென்ன வேண்டும்? ஒரு கட்டில், ஊசி, பாட்டில், ராத்திரி முழுக்க ஒரு நர்ஸ். 1971-இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமில் காலரா பரவியபோது மேற்கு வங்கத்தின் பாங்கான் மருத்துவமனையில் அவை எதுவும் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் கலந்து டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே டம்ளரில் பிடித்துப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

அவர் கையில் எடுத்த கரைசல் வானத்திலிருந்து விழவில்லை. 1968-இலேயே டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்தில், பொதுப் பணத்தில், சோதித்துப் பார்த்திருந்தார்கள். பிறகு 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வங்கதேசத்தில் 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய், மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று அம்மாக்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாடியே வேறொருவர் போய், அந்த அம்மாக்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். கற்றுக்கொடுத்தவரின் சம்பளம் அதைப் பொறுத்தது. சுகாதாரத்துக்குச் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: பவுடருக்குப் போவது கொஞ்சம், வீடு வீடாக நடக்கிற காலுக்குப் போவதுதான் அதிகம். அந்தக் காலுக்கான சம்பளத்தை வெட்டினால் பாக்கெட் அலமாரியிலேயே கிடக்கும். இன்றும் உலகில் பேதி வந்த குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஓ.ஆர்.எஸ். கிடைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4.4 லட்சம் பிஞ்சுகள் பேதியால் போகின்றன.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் இண்டென்டை, அதாவது இத்தனை பாக்கெட் வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கேட்ட கணக்கை, பாதியாக வெட்டினார்கள். போன தடவை மிச்சமிருந்ததாம், அதுதான் காரணம். மிச்சமிருந்தது நோய் குறைந்ததால் என்று யாருக்கும் தோன்றவில்லை. மழை வந்ததும் ஸ்டாக் தீர்ந்தது. வீட்டிலேயே சமாளித்திருக்க வேண்டிய குழந்தைகளெல்லாம் வார்டுக்கு வந்தார்கள், ஒரே கட்டிலில் இரண்டு பேர். பவுடரில் மிச்சம் பிடித்தது சலைன் பாட்டிலில் போனது. வேலைக்குப் போகாமல் கட்டில் அருகே உட்கார்ந்திருந்த அம்மா அப்பாக்களின் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை. வராமல் தடுத்த நோய்க்கு ரசீது கிடையாது, அதனால் பட்ஜெட் போடுகிறவர் கண்ணுக்கு இது வெறும் செலவு.

இன்னொரு ஆதங்கம்: பாக்கெட் கொடுத்தாயிற்று என்று குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் மறந்துவிடுகிறார்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்தால் இது என்ன செய்யும்?

பாக்கெட்டுக்கு 5-க்கு 4.5. அரை மார்க் அந்த எறும்பு எழுத்துக்காகக் குறைத்தேன். வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவா என்று பாருங்கள். கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கேளுங்கள், பேதி நின்ற பிறகும் அத்தனை நாளும் முடியும்வரை கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூனால் மெதுவாக ஆரம்பியுங்கள். குழந்தை துவண்டு, குடிக்கவே முடியாமல் கிடந்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.