கட்டில் போட்ட வேன், ஆர்.சி.யில் 12 சீட்: பழைய கேம்பர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குமரி மாவட்டத்தில், அதிலும் கேரள எல்லையை ஒட்டிய பழைய வண்டிக் கடைகளில், டூர் ஓடி ஓய்ந்த டிராவலர் வேன்களுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து ‘கேம்பர்’ என்று விற்கிறார்கள். அவற்றில் நல்ல வண்டியும் இருக்கலாம். எங்களுக்கு வாய்த்தது வேறு. 9,25,000 ரூபாய்க்குப் பேசி முடித்த வண்டிக்கு இதுவரை 11,67,000 ரூபாய் போய்விட்டது. அதன் கட்டில் இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எந்த வழியாகப் பணம் போனது என்பதை எழுதினால், அடுத்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவருக்கு உதவும்.

நானும் மச்சினனும் சேர்ந்து வாங்க நினைத்தோம். இரண்டு குடும்பம், வருடத்தில் கொடைக்கானல் ஒரு தடவை, மூணாறு ஒரு தடவை, செப்டம்பரில் வேளாங்கண்ணி. திருவிழா நேரத்தில் வேளாங்கண்ணியில் ரூம் தேடி அலைவது எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புது வண்டியைத்தான் முதலில் விசாரித்தோம். மாருதி ஈகோ 5, 6 லட்சத்தில் முடியும். உள்ளே மடக்குக் கட்டிலும் சின்ன அடுப்புப் பெட்டியும் வைக்க ஒன்றரை லட்சம் வரை கேட்டார்கள். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, இரண்டு பேருக்கு மேல் படுக்க முடியாது. புது ஃபோர்ஸ் டிராவலர் எடுத்து முறையாகக் கேம்பராக்கித் தருகிறோம் என்றவர்கள் 25 லட்சத்துக்குக் கீழே பேசவே இல்லை. அதே கம்பெனியின் பெரிய வேனான அர்பேனியா வெறும் வண்டியே 30 லட்சத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. இடையில் ஒரு வேடிக்கை. பழைய வண்டி விளம்பரங்களில் ‘கேம்பர்’ என்று தேடினால் பொலேரோ கேம்பர்தான் வரிசையாக வரும். அது பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப். மச்சினன் ஒரு நாள் முழுக்க “இது சல்லிசா இருக்கு அத்தான்” என்று அதையே அனுப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இந்த டிராவலர் கண்ணில் பட்டது. வெள்ளை நம்பர் பலகை, நெய்யாற்றின்கரை ஆர்.டி.ஓ.வின் கே.எல்.20 பதிவு. உள்ளே இரண்டு பேர் படுக்கும் கட்டில், பகலில் பெஞ்சாகவும் இரவில் படுக்கையாகவும் மாறும் பலகை, சிங்க், அடுப்பு, கூரையில் ஏ.சி. ஏ.சி.யைப் போட்டுக் காட்டினார்கள், சில்லென்று ஓடியது. வண்டிக்கு 6 லட்சம், உள் ‘ஃபிட்டிங்’குக்கு 3,25,000 என்று விலையை இரண்டாகப் பிரித்துச் சொன்னார் கடைக்காரர். வண்டிப் பணத்தை பேங்க் வழியாகவும் ஃபிட்டிங் பணத்தை ரொக்கமாகவும் கேட்டார். “நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம் அண்ணே, பதினைஞ்சு நாள்ல பேரு மாத்தி கையில தாறேன்.”

இந்தப் பிரிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. பில்லில் இருந்தது 6 லட்சம் ரூபாய் டிராவலர் மட்டும். கட்டில், ஏ.சி., பேட்டரி, வயரிங் எதற்கும் காகிதம் கிடையாது. பின்னால் ஏதாவது கேட்டால், “நான் வித்தது வண்டி, அது ஓடுதா இல்லையா?” என்று அவர் சொல்லிவிடலாம். சொன்னார். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரும். எனவே ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற கடையில் ‘எல்லாம் சேர்த்து ஒரே பில் போடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

பதினைந்து நாள் என்றது மாதக்கணக்கில் இழுத்தது. ஆர்.சி.யில் இருந்த பெயர் கடைக்காரருடையது அல்ல, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவருடையது. அவர் எப்போதோ ஒரு புரோக்கருக்கு விற்று, அந்தப் புரோக்கர் இந்தக் கடைக்குத் தள்ளியிருக்கிறார். நடுவில் யாரும் பெயர் மாற்றவில்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன கடைக்காரர், அந்தக் காகிதங்களை எங்களுக்கும் காட்டினார். ஆனால் இப்போது வேலை ஆன்லைனில் நடக்கிறது. உரிமையாளரின் போனுக்கு ஓ.டி.பி. போகும். அந்த மனிதர் போனை எடுக்கும் நேரமும் கடைக்காரர் போனை எடுக்கும் நேரமும் ஒத்துவரவே இல்லை. வண்டி வேறு மாநிலம் என்பதால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். அதற்குப் போனபோது வண்டியின் மீது ஹெச்.பி., அதாவது பேங்க் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் போடும் குறிப்பு, அப்படியே நிற்பது தெரிந்தது. கடன் அடைத்தாகிவிட்டது, ஆனால் பேங்க் கொடுத்த 35-ஆம் படிவத்தை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கூடவே கட்டாத கேமரா அபராதங்கள். அதையெல்லாம் தீர்க்க, ஏஜெண்ட் கூலியும் சேர்த்து 38,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. “பொறவு கணக்குப் பார்க்கலாம்” என்றார் கடைக்காரர். அந்தக் கணக்கை இன்னும் பார்க்கவில்லை.

பழைய வண்டிக் கடைகளுக்கு இதற்கென்றே ஒரு விதி உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடை ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது 29சி படிவத்தில் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் அந்த வண்டிக்குக் கடைக்காரரே உரிமையாளர் போலப் பொறுப்பு, என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். எங்கள் கடையில் இரண்டுமே இல்லை. அங்கீகாரம் இருக்கிற கடையில் வளைகுடாவுக்கு போன் போடும் வேலையே வந்திருக்காது.

‘கேரள நம்பரிலேயே ஓட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்’ என்பது இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் யோசனை. களியக்காவிளையில் தினமும் எல்லை தாண்டுகிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிய வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியம், வண்டியை நாம் ஓட்ட, பெயர் மட்டும் இன்னொருவருக்கு இருந்தால் விபத்து நாளில் என்ன ஆகும் என்பது. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வாங்குகிறவருக்கு வந்துவிடும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் வேண்டுமானால் பாலிசியை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியச் சலுகை) நமக்கு வராது. அது போக, 12 பேர் உட்காரும் வண்டி என்று எழுதின பாலிசியை வைத்துக்கொண்டு கட்டிலும் காஸும் இருக்கும் வண்டிக்கு கிளெய்ம் கேட்டால், காப்பீட்டு சர்வேயர் முதல் பார்வையிலேயே மறுக்கக் காரணம் எழுதிவிடுவார்.

என்.ஓ.சி. ஒருவழியாக வந்தது. வண்டியை இங்கே ஆய்வுக்குக் கொண்டுபோனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், சரி. பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்.

“சீட் எங்க சார்?”

“இது கேம்பர் சார்.”

“ஆர்.சி.ல ஆம்னி பஸ், 12 பிளஸ் 1-னு இருக்கு. கட்டில்னு எங்கயும் எழுதலியே.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். கேம்பர் என்று ஒரு வகையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ‘மோட்டார் கேரவன்’, ‘கேம்பர் வேன்’ என்று பதிவில் தனி வகைகள் உண்டு, சொந்த உபயோகத்துக்கும் உண்டு. அதற்கான தரக் குறியீடு ஏ.ஐ.எஸ்.124. அந்த அங்கீகாரத்தோடு கட்டிய வண்டியின் ஆர்.சி.யில் வகையும் சீட் எண்ணிக்கையும் எடையும் உள்ளே இருப்பதற்கேற்ப இருக்கும். பார்க்க ஐந்து நிமிடம் போதும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வகை, ஹெச்.பி., காப்பீட்டுத் தேதி எல்லாம் வரும், சீட் எண்ணிக்கைக்கு ஆர்.சி. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘கேம்பர்’ என்றோ ‘கேரவன்’ என்றோ அதில் இல்லாவிட்டால், உள்ளே எவ்வளவு அழகான கட்டில் இருந்தாலும் ஃபிட்டிங் என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். அது வெறும் டிராவலர். சொல்லப்போனால் அதைவிடக் குறைந்த விலைக்குப் போக வேண்டிய வண்டி, ஏனென்றால் பழையபடி ஆக்கும் செலவு வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

எங்கள் தலையில் விழுந்தது. நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டு, பழைய சீட் 12 வாங்கிப் பொருத்த 55,000 ஆனது. சீட் போல்ட் போடத் தரைப் பலகையைப் பெயர்த்தபோதுதான் வண்டியின் உண்மையான வயது தெரிந்தது. பிளைவுட்டுக்கு அடியில் தகரம் துருவேறி அப்பளமாக நொறுங்கியது. தண்ணீர்த் தொட்டி கசிந்து கசிந்து கீழே இறங்கியிருக்கிறது, மேலே வழவழப்பான மேட். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்குத் துரு புதிதில்லை, குளச்சல், முட்டம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் அடியில் கோட்டிங் அடிப்பது அதற்குத்தான். ஆனால் கேம்பர் என்று விற்கும் வண்டியில் தரையைப் பார்க்கவே முடியாதபடி மூடியிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை பட்டறையின் பிட்டில் (பள்ளத்தின் மேல்) ஏற்றிக் கீழிருந்து பாருங்கள். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்ட எங்களுக்கு 48,000 ஆனது.

அந்தச் சில்லென்ற ஏ.சி.க்கு வருவோம். இருந்தது 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் மணி. அந்த வகை பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க வேண்டுமானால் பாதிதான் எடுக்கலாம், அதாவது 900. ஏ.சி. இழுப்பது 1,200 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. கடையில் ஓடியது எப்படி? வண்டியின் பின்பக்கமாக ஒரு ஒயர் கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏ.சி. காட்டுகிறவரிடம் வெளிக் கரண்டைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அடுப்புக்கு வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை, காற்றோட்டத் துளைகூட இல்லாத மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். படுப்பதும் அதே தரைக்கு ஒன்றரை அடி மேலே. பட்டறைக்காரர் அந்தப் பெட்டியையும், ஃபியூஸே இல்லாமல் ஆல்டர்னேட்டரிலிருந்து இழுத்திருந்த ஒயரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுல பிள்ளைகள வச்சு வேளாங்கண்ணி போயிருந்தா?” ரிஜிஸ்ட்ரேஷன் மறுத்த இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

சீட் போட்டதும் பதிவு நடந்தது. தமிழ்நாட்டு வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 70,000, புதுப் பாலிசி 31,000. வரி எவ்வளவு வரும் என்பது வண்டியின் வகை, வயது, சீட் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நகலைக் காட்டி முன்னாலேயே கேளுங்கள். கடைக்காரர் ‘ஒரு இருபதாயிரம் வரும்’ என்று சொன்ன கதைதான் எங்களுக்கு 70,000 ஆனது. ஆக, கைக்கு வந்திருப்பது பழைய 12 சீட் டிராவலர். மச்சினன் இப்போது அதைக் கல்யாண வீடுகளுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக வைத்திருக்கிறான். வாடகைக்கு ஓட்ட முடியாது, சொந்த உபயோகப் பதிவு.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். விற்றவர் வியாபாரி என்பதால் அங்கே போக முடிந்தது. தனி ஆளிடம் நேராக வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்தான். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915-க்கு போன் செய்தால் எப்படிப் போடுவது என்று தமிழிலேயே சொல்கிறார்கள்.

கடைக்காரர் பதில் மனுவில், வண்டியை ‘உள்ளது உள்ளபடி’ விற்றதாகவும் டெலிவரி நோட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டதாகவும் சொல்லியிருக்கிறார். 3,25,000 ரூபாய் ரொக்கம் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்கு எங்கள் கையில் இருப்பது அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு: “ஃபிட்டிங் காசு கேஷா கொண்டு வாங்க அண்ணே, மூணேகால்.” அதை எழுத்தில் பெயர்த்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு கொடுத்திருக்கிறோம். எடுத்துக்கொள்கிறார்களா என்பது அடுத்த வாய்தாவில் தெரியும். இதே போல யாரிடமாவது பதிவு இருந்தால், போன் மாற்றும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். எங்களிடம் முதலில் கேட்டதே அந்தப் பதிவு எந்தப் போனில் வந்தது என்றுதான்.